கேள்வி மட்டும் போட்டவள்

அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒரு விடையைத் தாமாகக் கண்டுபிடித்தவர்கள் எங்களில் யாருமில்லை.

தி. நகரில், பனகல் பூங்காவை ஒட்டிய தெரு ஒன்றில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி இருந்தது. அதன் பார்வையாளர் கூடத்தில் ஞாயிறு மதியங்களில் நாங்கள் சிலர் கூடுவோம். எல்லோரும் பேங்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டிகிரி முடித்த பெண்ணுக்குக் கல்யாணத்தைத் தள்ளிப்போட வீட்டார் ஒப்புக்கொள்கிற ஒரே காரணம் பேங்க் தேர்வுதான். நான் கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். மற்றவர்களில் பாதிப் பேர் அந்த விடுதியிலேயே தங்கியிருந்தவர்கள். அவர்களில் மூத்தவள் அவள். எல்லோருக்கும் அக்கா. அடையாறில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

ரீசனிங் தாளில் கோடிங் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு சொல்லின் எழுத்துகளை மாற்றி வேறு எழுத்துகளாக எழுதியிருப்பார்கள். CHENNAI என்பதை DIFOOBJ என்று எழுதினால் MADURAI என்பதை எப்படி எழுதுவாய் என்று கேட்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அடுத்த எழுத்து, அவ்வளவுதான். இது சின்னப் பிள்ளைகளுக்கானது. போகப் போக ஒன்றுவிட்டு ஒன்று வரும், பின்னாலிருந்து வரும், Aக்கு Z, Bக்கு Y என்று மொத்தமும் தலைகீழாக வரும். நாங்கள் தாளின் ஓரத்தில் இருபத்தாறு எழுத்துகளையும் எழுதி, அடியில் எண் போட்டு, பென்சிலால் தொட்டுத் தொட்டு விடைக்குப் போவோம். அக்காவுக்குத் தாளே தேவையில்லை. கேள்வியை நாம் படித்து முடிப்பதற்குள் அவள் விடையில் போய் உட்கார்ந்திருப்பாள்.

உட்கார்ந்து சும்மா இருக்கவும் மாட்டாள். நாம் திண்டாடி, தப்புப் போட்டு, அழித்து, கடைசி எழுத்துக்கு வந்து சேரும் நொடியில் சத்தமாகச் சொல்லிவிடுவாள்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கக்கா, நானே போட்டுடறேன்" என்பாள் ரேவதி. கூட்டத்திலேயே சின்னவள்.

"அதான் வந்தாச்சேடி. இன்னும் எத்தனை நாழி அதையே பார்த்திண்டிருப்பே?"

முதலில் உதவி என்றுதான் நினைத்தோம். அப்புறம்தான் புரிந்தது. ஒன்று தெரிந்துவிட்டால் அவளால் அதை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. தும்மல் வருவதைப் போல வந்துவிடும். எதிரில் யார் இருக்கிறார்கள், இது எந்த நேரம் என்பதெல்லாம் அதற்குக் கிடையாது.

எழுத்துகளோடு அது நிற்கவில்லை. நான் சேர்ந்த முதல் நாள், என் பெயரையும் ஊரையும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுத ஆரம்பித்ததும், "ஒனக்கு எடது கைப் பழக்கம். அடிச்சு மாத்தியிருக்கா. யாரு, அப்பாவா?" என்றாள். அப்பாதான். ஸ்கேல் உடையும்வரை அடித்திருக்கிறார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பேர் இருக்கும் ஊரில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. எல்லோரும் என் இடது கையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

எழுத்துத் தேர்வில் அவள் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. நேர்முகத் தேர்வில் ஒருமுறைகூடத் தேறியதுமில்லை. ஒரு நேர்முகத்தில் நடந்ததை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நடுவில் இருந்த பெரிய அதிகாரி, "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டாராம். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவர் தலையசைப்புக்குக் காத்திருக்காமல் தாளைப் புரட்டிக்கொண்டிருந்ததை இவள் கவனித்திருக்கிறாள். "நீங்க சீக்கிரமே ரிடையர் ஆகப்போறேள். யார் வந்தா என்ன, போனா என்னன்னுதானே கேக்கறேள்?" என்றிருக்கிறாள்.

"சரியாத்தான் சொன்னேன். பக்கத்துல இருந்தவர் பட்டுனு சிரிச்சுட்டார்."

"அப்ப வேலை, அக்கா?"

"அது வேற கேள்விடி" என்றாள்.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. பஸ் ஏறினால் இறங்கிவிடலாம். ஆனாலும் விடுதியில் இருந்தாள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவளுடைய தங்கையைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பெரிய தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்று பேச்சு. சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆகி, அண்ணன் தட்டு மாற்றுவதைப் பற்றிப் பேச வாயெடுத்த நேரத்தில் இவள் சொல்லியிருக்கிறாள்: "இவருக்கு வேலை போயிடுத்து. கொஞ்ச நாள் ஆயிருக்கும்." வந்தவன் மறுக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதிருக்கிறான்.

"நல்லவேளை, உங்க தங்கை தப்பிச்சா" என்றேன்.

"அவளுக்கு முன்னாடியே தெரியும். அவனே லெட்டர்ல எழுதிட்டானாம். தெரிஞ்சும் வாயை மூடிண்டு ஒக்காந்திருந்தா. அது என்ன பழக்கம், சொல்லு?" என்றாள் அக்கா. தங்கைக்கு அப்புறம் எதுவும் அமையவில்லை. அண்ணன் இவளுடைய பெட்டியை வாசலில் வைத்துவிட்டார்.

ஞாயிறு தாள் என்று நாங்கள் சொல்வது அவள் தயாரித்தது. அவளுடைய அலுவலகத் தட்டச்சில் கார்பன் வைத்து அடித்துக்கொண்டு வருவாள். புத்தகத்தில் இருக்கும் கேள்விகளெல்லாம் எங்களுக்குச் சலித்துப்போயிருந்தன. அக்காவின் தாளில் சங்கேதத்தை அவிழ்த்தால் எங்களில் ஒருத்தி வருவாள். ஒரு வாரம், ரேவதி யாருக்கும் தெரியாமல் முகத்துக்குப் பூசும் கிரீமின் பெயர் வந்தது. ஒரு வாரம், நாகர்கோவில்காரப் பெண் ஒருத்தி தினமும் பஸ் ஸ்டாப்பில் பார்த்துச் சிரிக்கும் பையனின் முதலெழுத்து. மாட்டிக்கொண்டவள் முகத்தை மூடிக்கொள்வாள், மற்றவர்கள் கைதட்டுவோம். அடுத்த வாரம் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் ஒருத்தியும் ஒரு ஞாயிறுகூடத் தவறமாட்டாள். எங்கள் வேகம் கூடியது அப்படித்தான். தலைகீழ் எழுத்துகளை நான் தாளில் எழுதிப் பார்ப்பதை நிறுத்தியது அந்த மாதங்களில்தான்.

செல்வி மட்டும் வேகம் பிடிக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். பி.காம். படித்தவள். தி. நகரில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தாள். அக்காவின் அறையில்தான் அவளுக்கும் கட்டில். விரல் கணுக்களைக் கட்டை விரலால் தொட்டு, உதடு அசைய, ஏ, பி, சி என்று எண்ணிக்கொண்டே போவாள். நடுவில் யாராவது இருமினால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் அக்காவிடம் அவளுக்கு இருந்த பக்தி எங்களில் யாருக்கும் இல்லை. காலையில் அக்காவுக்கு வெந்நீர் பிடித்து வைப்பாள். அக்காவின் காட்டன் புடவைகளுக்குக் கஞ்சி போடுவாள்.

"எங்க அக்காவுக்கு இருக்கிற மூளையில காவாசி எனக்கு இருந்தாப் போதும், பாஸாயிருவேன்" என்று எங்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள்.

எப்போதும் பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டுதான் உட்காருவாள். வெட்கம் என்று நினைத்திருந்தோம். ஒரு ஞாயிறு, முந்தைய இரவு முழுக்க ஏதோ அவசர வேலை அடித்துக் கொடுத்திருந்த களைப்பில், படிப்பதற்கு நடுவிலேயே கூடத்தின் பாயில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கால்கள் வெளியே நீண்டிருந்தன. அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கால்களைப் பார்த்தாள். நான் பார்த்தபோது எனக்கு எதுவும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா பஸ் ஸ்டாப்வரை என்னோடு நடந்து வந்தாள். வழக்கமாக வரமாட்டாள்.

"எத்தனை மாசமா என் ரூம்லயே படுத்திண்டிருக்கா. என்னை ஏமாத்திட்டாளேடி" என்றாள்.

"யாரு, செல்வியா? என்ன ஏமாத்தினா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. ரோட்டில் எல்லோர் முன்னாலும் யாரோ அறைந்துவிட்டதுபோல் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு தாளில் நான்கே கேள்விகள் இருந்தன. எல்லாம் தலைகீழ் வரிசை. மேலே, "விடைகளைச் சேர்த்துப் படிக்கவும்" என்று இருந்தது. முதல் கேள்வி GLV. அவிழ்த்தால் TOE, கால்விரல். இரண்டாவது IRMT. RING, மோதிரம். மூன்றாவது DRUV. WIFE, மனைவி. நான்காவதில் ஐந்து எழுத்துகள்: HVOER.

முதலில் தலை நிமிர்ந்தவள் நான்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் எனக்குப் பக்கத்திலிருந்தவள். அப்புறம் ரேவதி, வாயைப் பொத்திக்கொண்டு. ஒருத்தி பின் ஒருத்தியாகப் பென்சிலைக் கீழே வைத்தோம். கால்விரலில் மெட்டி போட்டிருந்த மனைவி. பாயில் நீண்டிருந்த அந்தக் கால்களில், இரண்டாம் விரலைச் சுற்றிச் சதை உள்வாங்கிக் கிடந்த தடம் எனக்கு அப்போதுதான் ஞாபகத்தில் தெரிந்தது.

செல்வி இன்னும் இரண்டாவது கேள்வியில் இருந்தாள்.

அவள் கட்டை விரல் ஒவ்வொரு கணுவாக ஏறி இறங்கியது. எல்லோரும் முடித்துவிட்டதைக் கவனித்து, "இருங்கடி, இந்தா வந்திட்டேன்" என்று சிரித்தாள். WIFE என்று எழுதி, அதன் அடியில் ஒரு கோடு இழுத்தாள். நான்காவதற்குப் போனாள். H என்றால் S. எழுதினாள். V என்றால் E. எழுதினாள். O என்றால் L. அங்கே கட்டை விரல் நின்றது. மீதி இரண்டு எழுத்துகளை அவள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் எண்ணினாள். தப்பாக இருக்கலாம் என்று நம்பினாளோ என்னவோ, ஏ-யிலிருந்து திரும்ப ஆரம்பித்து, உதடு அசைய, கடைசிவரை எண்ணி, இரண்டு எழுத்துகளையும் எழுதினாள்.

அத்தனை நேரமும் அக்கா வாய் திறக்கவில்லை. மற்ற நாட்களில் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறவள், கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி தாளை நீட்டியதும் வாங்கி, சிவப்புப் பேனாவால் நான்கு டிக் போட்டாள்.

"ஃபுல் மார்க். மொத தடவை" என்றாள்.

செல்வி எழுந்து மாடிக்குப் போனாள். அவள் பின்னால் போயிருக்கக்கூடியவர்கள் நாங்கள் எத்தனையோ பேர். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

வார்டன் காதுக்கு விஷயம் போக அதிக நேரம் பிடிக்கவில்லை. கல்யாணமானவளைச் சேர்ப்பதென்றால் கணவனின் கையெழுத்து வேண்டும் என்பது அந்த விடுதியின் விதி. செல்வி கல்யாணமாகாதவள் என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்திருந்தாள். வார்டன் அவளைக் கூப்பிட்டு விசாரித்ததை ரேவதிதான் எனக்குச் சொன்னாள். அடி தாங்காமல்தான் வந்தேன் என்று சொல்லி, செல்வி முதுகைக் காட்டினாளாம்.

"எல்லார் வூட்லயும் இருக்கறதுதாம்மா. நாளைக்கு போலீசு வந்து நின்னா நான் இன்னா பதில் சொல்றது? வூட்டு போன் நம்பரைக் குடு" என்றாளாம் வார்டன். இருந்தாலும், விட்டுவிட ஒரு சாக்குக் கிடைக்காதா என்ற நப்பாசையில், அக்காவையும் கூப்பிட்டு, இதெல்லாம் நிஜந்தானா என்று கேட்டிருக்கிறாள். இல்லை, விளையாட்டுக்கு எழுதினேன் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

"நான் கேள்விதான் மேடம் போட்டேன்" என்றாளாம் அக்கா. "விடை அவளே எழுதினது."

அதற்கு அடுத்த ஞாயிறு அவன் வந்தான். நாங்கள் கூடத்தில்தான் இருந்தோம். செல்வியும் இருந்தாள். தேர்வுக்கு அதிக நாள் இல்லை, படித்துவிட்டுப் போகிறேனே என்று அவளாகவே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"செல்விம்மா, உங்க வூட்டுக்காரராமே, வந்துகினு கீறாரு."

சத்தம் போடுகிற ஆளை எதிர்பார்த்திருந்தேன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். வார்டனுக்கு வணக்கம் சொன்னான். எங்களுக்கும் சொன்னான். ஆப்பிள் பையை எங்கள் மேசைமேல் வைத்தான்.

"கெளம்பு" என்றான் செல்வியிடம். குரல் மெத்தென்று இருந்தது.

"பரிச்சை இருக்குங்க. அது ஒண்ண மட்டும் எழுதிட்டு நானே வந்திருதேன்."

"அதுக்கென்ன, ஊர்லயிருந்து வந்து எழுதிக்கிடலாம்."

செல்வி அக்காவின் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நடந்த பிறகும் அவளுக்குக் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. இவியகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

அக்கா அவனைப் பார்த்தாள். எந்தத் தாளையும் அவள் அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை. முகம், சட்டைப் பொத்தான், கை, செருப்பு. பிறகு செல்வியிடம் சொன்னாள்: "இவர் ஒன்னை எழுத விடமாட்டார். பஸ்ல ஒண்ணும் பண்ணமாட்டார், நன்னாப் பேசிண்டு வருவார். ஆத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினப்பறந்தான்."

ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

"சரியாத்தான் சொல்லுதாக" என்றான்.

வார்டன் குனிந்து ஏதோ காகிதத்தைத் தேடினாள். செல்வி மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது நிலைகொள்ளாமல் தடுமாறினாள். அவன்தான் தோளைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோ திரும்பும்வரை நாங்கள் நின்றோம். அக்கா உள்ளே போய் அடுத்த கேள்வியை எடுத்துவிட்டாள். "வாங்கோடி, நாழியாறது" என்று அவள் கூப்பிட்டதும் நாங்கள் போய் உட்கார்ந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேர்வு மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நானும் செல்வியும் விண்ணப்பங்களை ஒன்றாகப் போட்டிருந்ததால் அடுத்தடுத்த எண்கள். எனக்கு முன் பெஞ்சு காலியாக இருந்தது. வந்திருக்கிறாளா என்று கண்காணிப்பாளர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனார். கோடிங் பகுதியைப் பாதி நேரத்தில் முடித்தேன். எல்லாம் அர்த்தமில்லாத சொற்கள். எதிலும் யாரும் இல்லை.

எனக்கு வேலை கிடைத்தது. ரேவதிக்கும் கிடைத்தது. அக்கா வழக்கம்போல எழுத்தில் தேறி, நேரில் போய்த் தோற்றாள். அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அதற்கப்புறம் வயது தாண்டிவிட்டது. யார்மீதும் அவள் குறை சொல்லவில்லை என்று ரேவதி சொன்னாள்.

நாலைந்து வருடம் போயிருக்கும். அடையாறு கிளையில் டிராஃப்ட் கவுன்ட்டரில் இருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒரு படிவம் நீண்டது. எழுத்தைப் பார்த்ததுமே அக்கா என்று தெரிந்துவிட்டது. தலை பாதி நரைத்திருந்தது. ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கேள்வித்தாள் தயாரித்துக் கொடுப்பதாகவும், அவர்கள் வேலையாகத்தான் வந்ததாகவும் சொன்னாள். இன்னும் அதே விடுதி, அதே அறை.

டிராஃப்ட் தயாராகும்வரை நின்றாள். நின்றபடியே, ஊரில் மழை பெய்த செய்தியைச் சொல்வதுபோல், "போன மாசம் செல்வி வந்திருந்தாடி" என்றாள்.

என் கை நின்றுவிட்டது.

"தனியாவா?"

"இடுப்புல ஒரு கொழந்தை. அவன் ஏதோ சாமான் வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போயிருந்தானாம். அந்த நேரத்துல ஓடி வந்திருக்கா. இத்தனை வருஷமும் விடாம படிச்சிண்டிருக்காளாம், அடுப்படியில வெச்சு. 'இப்ப நல்லாப் போடுவேன்க்கா, ஒரு கேள்வி குடுங்க'ன்னா."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். கஷ்டமான கேள்விதான். ஒண்ணுவிட்டு ஒண்ணு முன்னால, ஒண்ணுவிட்டு ஒண்ணு பின்னால. கொழந்தை அழறது, அதை ஆட்டிண்டே போட்டா. விரலே விடலை. சரியாப் போட்டா. நீ போடற வேகம் இருக்குமே, அதைவிட வேகம்." அக்காவின் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு திருப்தி இருந்தது. "முடிக்கிறவரைக்கும் நான் பேசாம இருந்தேன். அப்பறந்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"வயசு தாண்டிடுத்துன்னு. சலுகை ஏதாச்சும் உண்டான்னு கேட்டா. விதவைன்னா உண்டு, கோர்ட்டுல தீர்த்துண்டவாளுக்கு உண்டு, ஆம்படையான் தெருவுல காத்திண்டிருக்கறவாளுக்கு இல்லைன்னேன்."

கண்ணாடியின் சின்ன வட்டத்துக்குள் அவள் வாய் மட்டும் தெரிந்தது. அந்த வாயை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அழுதாளா, அக்கா?"

"இல்லையே. தேங்க்ஸ்க்கான்னா. கொழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடுத்துட்டு, போயிட்டா." டிராஃப்டை வாங்கி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்து, கைப்பையில் வைத்தாள். "கியூ நிக்கறது பாரு, வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அடுத்தவர் தன் படிவத்தை நீட்டினார். யார் பெயருக்கு என்று மூன்று முறை படித்தேன். தெளிவான கையெழுத்துதான். எனக்குத்தான் அந்த எழுத்துகள் ஒரு பெயராகச் சேரவில்லை.